ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

2025ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பிரித்தானிய அரசாங்கம் ஒரு முடிவை அறிவித்தது. செலாஃபீல்ட் வளாகத்தில் பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்துள்ள தன் சிவில் புளூட்டோனியத்தை இனி எரிபொருளாக்க முயல்வதில்லை. எவரும் எளிதில் பிரித்தெடுக்க முடியாத திண்மப் பொருளில் அதைப் பிணைத்து, ஈற்றில் நிலத்தின் ஆழத்தில் புதைத்துவிடுவது என்பதே அம்முடிவு. அங்கு இருப்பது, பிற நாடுகள் ஒப்படைத்து வைத்திருப்பதையும் சேர்த்து, ஏறத்தாழ 140 தொன். உலகின் மிகப்பெரிய சிவில் புளூட்டோனியக் குவியல் இதுவே.

அச்செய்தியைப் படித்தபோது என் கண் முடிவைத் தாண்டி அந்த எண்ணிலேயே நின்றது. அணுகுண்டு வைத்திருக்கும் ஒரு நாடு, பகைவர்கள் இல்லாத நாடு என்று சொல்லமுடியாத ஒரு நாடு, தன்னிடமுள்ள குவியலைத் தொன் கணக்கில் ஊரறியச் சொல்கிறது. ஆண்டுதோறும் சொல்லி வந்திருக்கிறது. நமக்கு வடக்கே, பாக்கு நீரிணைக்கு அப்பால், இன்னொரு குவியல் இருக்கிறது. அதன் அளவு எவ்வளவு? அதை வைத்திருப்பவர்கள் ஊருக்கு அறிவிப்பதில்லை. சுயேச்சையான ஆய்வாளர்கள் அணு உலைகளின் இயக்கத்தை வைத்து, சில தொன்கள் இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அயல்வீட்டின் மதிலுக்கு அப்பால் இருப்பதை வாசனையை வைத்து ஊகிப்பது போன்றதுதான் இது.

கண்டியில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இலங்கையில் அணுமின் நிலையம் இல்லை. புளூட்டோனியக் கிடங்கு இல்லை. ஆனால் தேசப்படத்தை விரித்துப் பாருங்கள். கண்டியிலிருந்து ஏறக்குறைய நேர் வடக்கே ஒரு கோடு இழுத்தால் அது கல்பாக்கத்தில் போய் முடியும். தொலைவு 600 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. யாழ்ப்பாணத்திலிருந்து அளந்தால் 320 கிலோமீற்றர் அளவுதான். மேற்கு வடமேற்கே கோடு இழுத்தால் 340 கிலோமீற்றருக்குள் கூடங்குளம். மழையும் காற்றும் கடவுச்சீட்டுக் கேட்டு நிற்பவையல்ல. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இந்த மலைகளிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தமிழ்நாடெங்கும் வாழ்கிறார்கள். இரு கரைகளிலும் உறவு வைத்திருக்கும் நமக்கு இது பிறத்தியார் விவகாரம் ஆகிவிடாது.

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். புளூட்டோனியம் தோண்டியெடுக்கும் உலோகமன்று. அணு உலையில் பிறப்பது. இயற்கை யுரேனியத்தில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் இருக்கும் யுரேனியம்-238, உலைக்குள் ஒரு நியூத்திரனை விழுங்கிச் சில நாட்களில் புளூட்டோனியம்-239 ஆக மாறிவிடுகிறது. கூடங்குளத்தில் உள்ளது போன்ற 1000 மெகாவொட் உலை ஒன்று ஓராண்டு முழுமையாக இயங்கினால், எரிந்து முடிந்த அதன் எரிபொருளில் ஏறத்தாழ 200 முதல் 250 கிலோ வரை புளூட்டோனியம் சேரும். அது அந்த எரிபொருளுக்குள்ளேயே கிடக்கும்வரை திருடனுக்கும் பயனில்லை. கிட்டப் போனவனைக் கதிர்வீச்சே கொன்றுவிடும். அமிலத்தில் கரைத்துத் தனியாகப் பிரித்தெடுத்த பின்புதான் கதை மாறுகிறது. இதற்கு மீள்பதப்படுத்தல் என்று பெயர். பிரித்தெடுத்த பொருளை ஒரு சிறு கொள்கலனில் வைத்துக் கையுறையோடு தூக்கிச் செல்லலாம். தோலைத் துளைக்க மாட்டாத அதன் கதிர், தூளாக மூச்சில் புகுந்து நுரையீரலில் தங்கினால் புற்றுநோயை விதைக்கும்.

சர்வதேச அணுசக்தி முகவரகம் ஒரு குண்டுக்குப் போதுமான அளவு என்று கருதுவது 8 கிலோ. நாகசாகியில் வெடித்த குண்டுக்குள் இருந்தது ஏறத்தாழ 6 கிலோ. ஒரு தொன்னில் எத்தனை எட்டுக் கிலோ இருக்கிறது என்பதைப் பாடசாலை மாணவனே கணக்கிட்டுச் சொல்வான்.

'சிவில்' என்ற அடைமொழி எவ்வளவு மெல்லியது என்பதற்கும் நம் பிராந்தியமே சாட்சி. கனடா கொடுத்த உலை, அமெரிக்கா கொடுத்த கனநீர், சமாதான நோக்கம் என்ற வாக்குறுதி - இவற்றோடு தொடங்கியதுதான் மும்பைக்கு அருகே டிராம்பேயில் இருந்த சைரஸ் உலை. 1974ஆம் ஆண்டு மே 18ஆம் திகதி பொக்ரானில் வெடித்தது அதில் விளைந்த புளூட்டோனியமே. அந்தச் சோதனைக்குச் 'சிரிக்கும் புத்தர்' என்ற பெயர் வழங்கியது. தலதா மாளிகை இருக்கும் ஊரில் அந்தப் பெயரை நினைத்துப் பார்க்கும்போது எவருக்கும் சிரிப்பு வராது.

நிற்க. இந்தியா ஏன் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கிறது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஹோமி பாபா 1950களில் வகுத்த திட்டம் மூன்று படிகளைக் கொண்டது. முதற்படியில் யுரேனியத்தை எரித்து மின்சாரமும் புளூட்டோனியமும் பெறுவது. இரண்டாம் படியில் அந்தப் புளூட்டோனியத்தை அதிவேக ஈனுலைகளில் இட்டு, எரிப்பதைவிட அதிகமாக விளைவிப்பது. மூன்றாம் படியில் கேரளத்தின் சவறை, தமிழ்நாட்டின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடக்கும் தோரியத்தை எரிபொருளாக்குவது. யுரேனியம் குறைவாகவும் தோரியம் நிறைவாகவும் உள்ள ஒரு நாட்டுக்கு இது அறிவார்ந்த திட்டந்தான். தோரியம் நமக்கும் புதிதன்று. தோரியனைற்று என்ற கனிமம் 1904ஆம் ஆண்டு உலகுக்கு அறிமுகமானது சப்பிரகமுவையின் மணிக்கற் படிவுகளிலிருந்து. அக்காலத்தில் இலங்கையின் கனிம ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தவர், பிற்காலத்தில் கண்டியக் கலைகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய ஆனந்த குமாரசுவாமி.

ஆகவே, இந்தியாவின் பார்வையில் புளூட்டோனியம் கழிவு அன்று. நாளைய அடுப்புக்கான விறகு. ஆனால் அடுப்பு மூட்டுவதில்தான் தாமதம். கல்பாக்கத்தின் 500 மெகாவொட் ஈனுலையின் கட்டுமானம் 2004இல் தொடங்கியது. 2010இல் மின்சாரம் தரும் என்றார்கள். உலையின் மையப்பகுதியை நிரப்பும் பணி பிரதமர் நரேந்திர மோடியின் முன்னிலையில் தொடங்கி வைக்கப்பட்டது 2024 மார்ச் 4ஆம் திகதி. அடுப்பு தயாராகும்வரை விறகு வெட்டுவது நின்றதா என்றால் இல்லை. டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் ஆகிய மூன்று இடங்களிலும் மீள்பதப்படுத்தல் ஆலைகள் உள்ளன. கல்பாக்கத்தின் ஆலை 1998இல் தொடங்கியது. ஈனுலை எரிபொருளை மீள்பதப்படுத்திக் காட்டுவதற்கென்றே இன்னோர் ஆலை அங்கே 2024 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

சேர்த்து வைத்த விறகுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. புளூட்டோனியம் கிடங்கில் சும்மா இருப்பதில்லை. அதில் கலந்திருக்கும் புளூட்டோனியம்-241, 14 ஆண்டுகளில் பாதியாகக் குறைந்து அமெரிசியம்-241 ஆகிறது. அமெரிசியம் ஊடுருவும் கதிரை வீசுவது. நாள் செல்லச் செல்லப் பழைய புளூட்டோனியம் கையாளக் கடினமானதாகவும் எரிபொருளாக்கச் செலவு கூடியதாகவும் ஆகிவிடுகிறது. தாமதமான ஒவ்வோர் ஆண்டுக்கும் விலை உண்டு. பிரித்தானியாவுக்கு நேர்ந்ததும் இதுவே. அவர்களும் ஈனுலைகள் வரும் என்றுதான் சேர்க்கத் தொடங்கினார்கள். டூன்ரேயில் இருந்த அவர்களின் ஈனுலை 1994இல் மூடப்பட்டது. செலாஃபீல்டில் கலப்பு எரிபொருள் தயாரித்த ஆலையும் 2011இல் கைவிடப்பட்டது. மீள்பதப்படுத்தல் மட்டும் 2022 வரை நடந்தது. சேர்த்ததன் நோக்கம் செத்துப்போன பின்பும் சேர்ப்பது தொடர்ந்தது. அதன் முடிவுதான் 140 தொன். யப்பானிலும் மொன்ஜு ஈனுலை 1995இல் சோடியக் கசிவுக்கு ஆளாகி, 2016இல் கைவிடப்பட்டது. அந்நாட்டின் கையில் மிஞ்சியது ஏறத்தாழ 45 தொன் புளூட்டோனியம். அதன் பெரும்பகுதி இன்னும் பிரித்தானியாவிலும் பிரான்சிலும் கிடக்கிறது.

இந்தியாவுக்கும் இவ்வாறே ஆகிவிடும் என்று நான் ஆரூடம் சொல்லவில்லை. கல்பாக்கத்து உலை நன்றாக இயங்கட்டும். அதைத் தொடர்ந்து வரும் உலைகளும் இயங்கட்டும். நான் கேட்பது அதைவிடச் சிறியது. கணக்கு எங்கே?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. மகாவலியில் கொட்டிவிடப் போகும் தானியத்தைக்கூட மரக்காலில் அளந்த பின்பு கொட்டு என்பதுதான் அதன் பொருள். புளூட்டோனியத்தை அளப்பது தானியத்தை அளப்பதுபோல் எளிதன்று. கரைசலாகக் குழாய்களில் ஓடுவது, சுவர்களில் படிவது, கழிவோடு போவது என்று அது பல வழிகளில் மறையும். யப்பானின் தோக்காய் ஆலையில் 25 ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது 206 கிலோ குறைவதாக 2003 ஜனவரியில் அந்நாட்டு அரசாங்கம் ஒப்புக்கொண்டது. எவரும் திருடவில்லை, கழிவோடு போனதும், கணிப்பில் நேர்ந்த பிழையும் என்றார்கள், பின்னர் கணக்கைத் திருத்தி எண்ணைக் குறைத்தார்கள். செலாஃபீல்டின் தோர்ப் ஆலையில் ஒரு குழாய் முறிந்து, 83,000 லீற்றர் கரைசல், ஏறத்தாழ 160 கிலோ புளூட்டோனியத்தோடு, மூடிய அறையின் தரையில் மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தது. 2005 ஏப்ரலில், கணக்கு உதைத்ததை அடுத்துக் கமராவை அனுப்பிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. கரைசல் அறையை விட்டு வெளியேறவில்லை என்பது நற்பேறு. கணக்கு வைத்திருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், கணக்கை வெளியில் எவரும் பார்க்க முடியாத இடத்தில் என்ன நடக்கக்கூடும்?

அதற்கு விடையும் கல்பாக்கத்திலேயே இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கீழுள்ள நிலையங்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து விலக்கப்பட்டன. தம்மைத் தாமே மேற்பார்வை செய்துகொள்ளும் ஏற்பாடு அது. 2003 ஜனவரி 21ஆம் திகதி கல்பாக்கத்தின் மீள்பதப்படுத்தல் ஆலையில் ஒரு வால்வு பழுதானது. தாழ்ந்த கதிர்வீச்சுக் கழிவு இருக்கவேண்டிய தொட்டிக்குள் உயர் கதிர்வீச்சுக் கழிவு வந்து சேர்ந்தது. அதையறியாமல் உள்ளே சென்ற ஊழியர்கள் உட்பட அறுவர் மிகைக் கதிர்வீச்சுக்கு ஆளாயினர். ஊழியர் சங்கம் குரல் எழுப்பியது. நாடு அறிந்துகொள்ள ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆயின. மறைக்கத்தக்க இராணுவ இரகசியம் எதுவும் இதில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. வால்வு பழுதானது பகைவனுக்குத் தெரிந்தால் என்ன குடிமுழுகிப் போகும்? மறைத்துப் பழகிய கை, மறைக்க வேண்டாததையும் மறைக்கிறது.

அதற்கு அடுத்த ஆண்டின் டிசம்பர் 26ஆம் திகதியை நாம் மறக்க முடியாது. நம் கிழக்கையும் தெற்கையும் வாரிச் சென்ற அதே ஆழிப்பேரலை அன்று கல்பாக்கத்திலும் புகுந்தது. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. அணுமின் நிலையத்தின் குளிர்நீர் இறைக்கும் கூடத்தில் தண்ணீர் ஏற, இயங்கிக்கொண்டிருந்த உலை நிறுத்தப்பட்டது. ஈனுலைக்காகத் தோண்டிய குழியில் கடல் நிறைந்தது. உலை பாதுகாப்பாக நின்றது என்பதைப் பாராட்டியே சொல்கிறேன். ஆனால் ஒரே அலை இரு கரைகளையும் தொட முடியும் என்பதை அந்த நாள் நமக்குக் கற்பித்தது.

கண்டி நகருக்கு வெளியே பல்லேகலவில் ஒரு நில அதிர்வுப் பதிவு நிலையம் இருக்கிறது. உலகளாவிய வலைப்பின்னலின் ஓர் அங்கம் அது. தொலைதூரத்தில் பூமி அசைந்தாலும் நிலத்தடியில் பெருவெடிப்பு நிகழ்ந்தாலும் அந்தக் கருவி கேட்கும். கூடங்குளத்தைப் பற்றிய கவலைகள் எழுந்த பின் நம் கரையோரங்களில் கதிர்வீச்சை உணரும் முன்னெச்சரிக்கைக் கருவிகளும் நிறுவப்பட்டன. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் ஒரு கிடங்கின் கணக்கில் எட்டுக் கிலோ குறைந்தால் அதை எந்தக் கருவியும் கேட்காது. எந்த முட்கம்பியும் அசையாது. அதைக் கேட்கக்கூடிய ஒரே கருவி கணக்குப் புத்தகம்.

அந்தப் புத்தகம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு மாதிரியும் உண்டு. அமெரிக்கா, ரஷ்யா, பிரித்தானியா, பிரான்ஸ், சீனா, யப்பான், ஜேர்மனி, பெல்ஜியம், சுவிற்சர்லாந்து ஆகிய ஒன்பது நாடுகள் 1990களின் இறுதியில் புளூட்டோனிய மேலாண்மைக்கான நெறிகளை வகுத்து, ஆண்டுதோறும் தம் சிவில் குவியலைச் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் வழியே அறிவிக்க இணங்கின. மீள்பதப்படுத்தல் ஆலைக் கிடங்கில் எவ்வளவு, எரிபொருள் தயாரிக்கும் இடத்தில் எவ்வளவு, தயாரித்து உலையில் காத்திருப்பது எவ்வளவு, எரிந்து முடிந்த எரிபொருளுக்குள் இருப்பது எவ்வளவு - இவ்வளவுதான். ஓரிரு தாளில் அடங்கும் கணக்கு. சீனா 2017க்குப் பிறகு பல ஆண்டுகள் இதைத் தரவில்லை. அது நெறியின் பலவீனத்தைக் காட்டுகிறது. ஆயினும் கணக்குத் தருபவர் தராமல் விட்டால் உலகம் கவனிக்கிறது, கேள்வி கேட்கிறது. முதலிலிருந்தே தராதவரை எவரும் கேட்பதில்லை. இந்தியா அந்தப் பட்டியலில் சேரவில்லை. கூடங்குளம் போன்ற சில நிலையங்கள் சர்வதேசக் கண்காணிப்பில் உள்ளன என்பது உண்மை. ஆனால் கண்காணிப்புக் கணக்கு முகவரகத்தின் பெட்டகத்துக்குப் போவது. மக்கள் பார்வைக்கு வருவதன்று. 2006இல் அமெரிக்காவுடன் செய்துகொண்ட ஏற்பாட்டில் கல்பாக்கத்தின் ஈனுலைகள் அந்தக் கண்காணிப்புக்கும் வெளியே நிறுத்தப்பட்டன.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன்.

இரு பக்கமும் அணுகுண்டு வைத்த அயலார் இருக்கையில் இந்தியா எப்படி வாய் திறக்கும் என்பது முதலாவது. கேட்பது கிடங்கின் முகவரியையன்று, காவலர் எண்ணிக்கையையன்று, குண்டுகளின் தொகையையுமன்று. சிவில் குவியலின் மொத்த எடையை. அணுகுண்டு வைத்திருக்கும் நாடுகளில் ஐந்து இந்தக் கணக்கைத் தர இணங்கியவைதாம். அமெரிக்கா ஒரு படி மேலே போய், இராணுவத்துக்கென விளைவித்ததையும் சேர்த்து 1996இலும் 2012இலும் தன் புளூட்டோனிய வரலாற்றையே வெளியிட்டது. அதனால் அதன் வலிமை குறைந்துவிடவில்லை. எரிபொருள் என்று சொல்லிக்கொள்ளும் பொருளை ஆயுத இரகசியம் போல மூடி வைத்தால், அது எரிபொருள்தானா என்ற ஐயமே வளரும். பாகிஸ்தானும் சீனாவும் மோசமான பக்கத்தையே கற்பனை செய்துகொள்ளும். கணக்கின்மை அச்சத்துக்கு உரம் போடுகிறது.

இரண்டாவது மறுப்பு நம் பக்கத்திலிருந்து வருவது. 2022இல் எரிபொருளுக்கும் மருந்துக்கும் நாம் வரிசையில் நின்றபோது, ஏறத்தாழ 400 கோடி டொலர் அளவுக்குக் கைகொடுத்த நாட்டிடம் கணக்குக் கேட்பதா? ஏன் கூடாது? உதவி பெற்றவன் நன்றி மறவாதிருக்க வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும் என்று எந்த அறமும் சொல்லவில்லை. மேலும் இது புதிதாகக் கேட்கும் உரிமையுமன்று. 2015 பெப்ரவரியில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன டில்லி சென்றபோது, அணுசக்தியைச் சமாதான வழியில் பயன்படுத்துவதற்கான ஒத்துழைப்பு ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் இடையே கையெழுத்தானது. அணுப் பாதுகாப்பு, கதிரியக்கக் கழிவு மேலாண்மை, அனர்த்தத் தணிப்பு யாவும் அதன் பரப்புக்குள் வருபவை. பயிற்சிக்கு அதிகாரிகளை அனுப்புவதோடு அந்த ஒப்பந்தத்தின் பயன் முடிந்துவிடக் கூடாது.

மூன்றாவது மறுப்பு நுட்பமானது. கூடங்குளத்தைப் பற்றி இலங்கையில் பேசினால் அது இந்திய எதிர்ப்பு அரசியலுக்கு எண்ணெய் வார்ப்பதாகிவிடும் என்று தமிழ் நண்பர்கள் அஞ்சுகிறார்கள். அச்சம் காரணமற்றதன்று, அப்படிப் பேசுவோரும் இங்கு உண்டு. ஆனால் இந்தக் கேள்வியை முதலில் உரக்கக் கேட்டவர்கள் தமிழர்களே. 2011இலும் 2012இலும் இடிந்தகரைக் கடற்கரையில் மணலில் அமர்ந்திருந்த மீனவப் பெண்கள் கேட்டது, எரிந்து முடிந்த எரிபொருளை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதையுந்தான். 1988இல் சோவியத் யூனியனுடன் செய்த ஏற்பாட்டின்படி அது கப்பலேறித் திரும்பிப் போயிருக்க வேண்டியது. 1998இல் செய்த மாற்றத்தின் பின் இந்தியாவிலேயே தங்குவதாயிற்று. இந்திய உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத் தீர்ப்பில் உலை இயங்க அனுமதித்தபோதும், அந்த எரிபொருளை உலைக்கு வெளியே சேமிக்கும் வசதியை ஐந்தாண்டுக்குள் அமைக்கச் சொன்னது. 2018இல் அதற்குக் கால நீட்டிப்புக் கொடுக்க நேர்ந்தது. அந்தப் பெண்களின் கேள்வியை நாம் கொழும்பிலும் கண்டியிலும் திருப்பிக் கேட்பதில் எந்த இனத்துக்கும் நாட்டுக்கும் எதிர்ப்பு இல்லை.

பாதுகாவல் என்றால் என்ன என்பதைக் கண்டிக்கு வெளியார் வந்து கற்பிக்கத் தேவையில்லை. தலதா மாளிகையில் புனித தந்தம் இருக்கும் பேழையை ஒருவர் தனித்துத் திறக்க முடியாது. மல்வத்தை மகாநாயக்க தேரர், அஸ்கிரிய மகாநாயக்க தேரர், தியவடன நிலமே என்ற மூவரின் சாவிகளும் ஒன்றுசேர வேண்டும் என்பது மரபு. மூவரும் ஒருவரையொருவர் நம்பாததால் வந்த ஏற்பாடன்று இது. பொருள் பெரிது, மனிதன் சிறியவன் என்று உணர்ந்ததால் வந்தது. இந்தியாவின் புளூட்டோனியப் பெட்டகத்துக்கு நெடுங்காலமாக ஒரே சாவி; அது அணுசக்தித் துறையின் இடுப்பில். பிரித்தெடுப்பதும், காப்பதும், கணக்கெழுதுவதும், கணக்கைச் சரிபார்ப்பதும் ஒரே வீட்டார். 2025 டிசம்பரில் இந்தியப் பாராளுமன்றம் 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டத்தை நிறைவேற்றி, அணுமின் துறையில் தனியாருக்குக் கதவு திறந்தது; ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்தும் அளித்தது. மீள்பதப்படுத்தல் அரசின் கையிலேயே இருக்கும் என்கிறது அச்சட்டம். அது சரியே. ஆனால் இரண்டாவது சாவியாக ஒழுங்குமுறை வாரியமும், மூன்றாவது சாவியாக ஆண்டறிக்கையைப் படிக்கும் மக்களும் சேரும்போதுதான் பெட்டகம் உண்மையில் பூட்டப்பட்டதாகும்.

காலத்தையும் நினைக்கவேண்டும். கண்டி இராச்சியம் ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டு நிலைத்தது. 1815இல் வீழ்ந்தது, அதன் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் சிறைக்கைதியாகவே 1832இல் இறந்தான். அசையாத ஆட்சி என்று அவனுடைய பிரதானிகள் நம்பிய ஒன்று ஒரு கையெழுத்தோடு முடிந்தது. புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைவதற்கு மட்டும் 24,100 ஆண்டுகள் வேண்டும். கண்டி இராச்சியம் போல எழுபது இராச்சியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வீழும் காலம் அது. 1998 ஜனவரி 25ஆம் திகதி, நன்கு காவலிருந்த தலதா மாளிகையின் வாயிலருகே வெடிகுண்டு வாகனம் வெடித்ததை இந்நகரம் பார்த்திருக்கிறது. காவல் என்பது எந்நாளும் வழுவாதது என்று நம்மிடம் எவரும் சொல்ல வேண்டாம். ஆட்சிகள் மாறும், போர்கள் வரும், காவலர்கள் உறங்குவார்கள். எவ்வளவு இருந்தது என்ற எழுத்து ஒன்று பலருடைய கைகளில் இருந்தால் மட்டுமே, பின்னால் வருபவன் எவ்வளவு இல்லை என்பதைக் கண்டுபிடிப்பான்.

இந்தக் கேள்வி நாளை நம் வீட்டுக்கும் வரும். 2014ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின் கீழ் நமக்கும் ஓர் அணுசக்திச் சபையும் தனியான ஒழுங்குபடுத்தும் பேரவையும் உண்டு. அணுமின் நிலையம் அமைக்கும் ஆர்வத்தோடு வெளிநாட்டு நிபுணர்களை அழைத்து நம் ஆயத்தத்தை ஆராயவும் செய்திருக்கிறோம். அப்படி ஒன்று என்றாவது வருமானால், உலையின் விலையைப் பேசுவதற்கு முன் எரிந்து முடிந்த எரிபொருளின் கதியைப் பேசவேண்டும். விற்பவரே அதைத் திரும்ப எடுத்துச் செல்வார் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்; பின்னொரு நாள் அது மாற்றப்படாதவாறு பாராளுமன்றத்தின் ஒப்புதலோடு எழுதப்பட வேண்டும். கூடங்குளத்து வாசகம் பத்தாண்டுக்குள் மாறிய வரலாறு நம் கண்முன் இருக்கிறது.

அதுவரைக்கும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கண்டி மாவட்டத்திலிருந்து 12 பேர் பாராளுமன்றத்தில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரேனும், எந்தக் கட்சியினராயினும், வெளிவிவகார அமைச்சரிடம் வாய்மூல விடைக்காக ஒரு வினாவைக் கொடுக்கட்டும்: 2015ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ், இந்தியாவின் சிவில் புளூட்டோனியக் குவியலின் அளவை இலங்கை எப்போதாவது கேட்டிருக்கிறதா? கேட்டிருந்தால், கிடைத்த பதில் என்ன? கேட்கவில்லையானால், எப்போது கேட்கப் போகிறது?

பதில் மழுப்பலாக இருக்கலாம். இருக்கட்டும். வினா ஹன்சாட்டில் ஏறிவிடும். ஒரு நாட்டின் பாராளுமன்றம் கேட்டது என்ற பதிவு, அடுத்த ஆண்டு கேட்பவருக்குப் படிக்கல்லாகும்.